இடது பக்க வேலி

லோர்னா பியூஷர் இருபத்திரண்டு வருஷமாக, இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோர ஊரான மேரிபோர்ட்டில் பஸ் ஓட்டுகிறவள். ஜனவரியில் கடலோரச் சாலை கண்ணாடி போல உறைந்து கிடக்கும்போதும் வண்டியை ஒரு முழம் பிசகாமல் கொண்டுபோய் நிறுத்துவாள். குடித்துவிட்டு ஏறும் ஆட்களை ஒரு பார்வையில் உட்கார வைப்பாள். அப்படிப்பட்டவளுக்குக் காகிதம் என்றால் பயம். நிரப்ப வேண்டிய எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் திருப்பிப் போட்டு வைத்துவிடுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா ஒரு கொதிகலன் ஆலையில் கல்நார் சுற்றும் வேலை பார்த்தவர். அந்தத் தூசி நுரையீரலில் படிந்து, கடைசிக் காலத்தில் மாடிப்படி நாலு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. நஷ்ட ஈட்டு வழக்கு மூன்று வருஷம் காகிதத்திலேயே நடந்தது. தீர்ப்பு வந்தபோது அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வந்த பணத்தை லோர்னாவும் அவளுடைய அக்கா ஹிலரியும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஹிலரி தன் பங்கில் முடிதிருத்தும் கடை வைத்தாள். லோர்னா தன் பங்கைத் தொடவே இல்லை. அது அப்பாவின் மூச்சுக் காற்று என்று அவளுக்குத் தோன்றும். பன்னிரண்டாயிரம் பவுண்டு மூச்சுக் காற்று.

அவள் குடியிருந்த மாடி வீட்டை விற்கப்போவதாகச் சொல்லி, இரண்டு மாதத்தில் காலி செய்யும்படி உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பியபோதுதான் அந்தப் பணத்தைத் தொட வேண்டி வந்தது.

வீட்ஷீஃப் டெரஸில் இருந்த அந்த வீட்டைக் காட்டியவர் கீத் ரட்லெட்ஜ் என்ற தரகர். ஐம்பதை நெருங்கும் ஆள், எப்போதும் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே பேசுவார். சின்ன வீடு. பின்னால் கொஞ்சம் தோட்டம். சமையலறை ஜன்னலில் நின்றால் கூரைகளுக்கு மேலே கடலும், கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்து மலைகளும் தெரிந்தன. விலை மற்ற வீடுகளைவிடக் குறைவு. வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை மட்டும் இல்லை.

"ஏன் பலகை வைக்கல?" என்று லோர்னா கேட்டாள்.

"ஓனர் வேண்டாம்னுட்டாரு. மிஸ்டர் கிரேவ்சன், ஸ்பெயின்ல செட்டில் ஆயிட்டாரு. நல்ல மனுஷன், போன்ல பேசினா விடவே மாட்டாரு, சிரிச்சுக்கிட்டே இருப்பாரு. அவருக்கு வீடு சீக்கிரம் கைமாறணும். எட்டு வாரம். முடியுமாம்மா உங்களால?"

லோர்னா கணக்குப் போட்டாள். எட்டு வாரமும் நோட்டீஸின் இரண்டு மாதமும் கிட்டத்தட்ட ஒன்று. "முடியும்" என்றாள்.

"அப்போ வாங்கறவங்க பக்கத்துக்கு ஒரு வக்கீல் வேணுமே, அதையும் நாங்களே சொல்லிடறோம். தூரத்து ஊருக் கம்பெனி. எல்லாம் போன்லயே முடிச்சுடுவாங்க, நீங்க போகவே வேண்டாம். விலையும் சல்லிசு."

அன்று சாயங்காலம் ஹிலரியும் அதைத்தான் சொன்னாள். "எடுத்துக்கடி. எல்லா வக்கீலும் ஒரே காகிதத்தைத்தான் நீட்டப் போறான். அதுக்கு எதுக்கு ஜாஸ்தி அழணும்?"

லோர்னா அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து பார்த்தாள். முதல் நாள் ஒரு பெண் பேசினாள், மறுநாள் வேறொருத்தி, மூன்றாம் நாள் ஒரு பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "என்னோட கேஸை யாரு பாக்கறாங்க?" என்று கேட்டதற்கு "எங்க டீம் பாக்கும்" என்று பதில் வந்தது. பக்கத்து நகரமான கார்லைலில் ஒரு பெரிய அலுவலகத்துக்கு நேரிலேயே போனாள். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால், எது உள்ளே எது வெளியே என்று அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை. கடைசியில் தன் ஊரிலேயே, பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த மிஸ் மாசப் என்ற வக்கீலின் அலுவலகப் படியேறினாள்.

மிஸ் மாசப்புக்கு அறுபது வயது இருக்கும். வீட்டுப் பத்திர வேலை தவிர வேறு வழக்கு எதையும் தொட்டதில்லை. கனமான மூக்குக் கண்ணாடி, கம்பளிச் சட்டை. லோர்னா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், ஒரு தாளை எடுத்துத் தன் கட்டணத்தை எழுதினாள். அதன் கீழே அரசாங்கத்துக்குப் போவது, வில்லங்கம் பார்க்க ஆவது என்று வரி வரியாக எழுதி நீட்டினாள். தரகர் சொன்னதைவிட முந்நூறு பவுண்டு கூடுதல்.

"அந்தத் தரகர் சொன்ன இடம் மலிவுதான்," என்றாள் மிஸ் மாசப். "ஆனா உங்களைக் கொண்டுபோய் விட்டதுக்கு அவருக்கு அங்கேருந்து ஒரு தொகை வரும். தப்பில்ல, சட்டப்படிதான். தெரிஞ்சு வச்சுக்கங்க."

"உங்ககிட்ட வந்தா போன் எடுப்பீங்களா?"

"எப்பவும் எடுக்க மாட்டேன். ஆனா இந்தப் படிக்கட்டு எங்கேயும் ஓடிடாது. ஏறி வந்து கதவைத் தட்டுங்க."

லோர்னா அவளையே வக்கீலாக வைத்துக்கொண்டாள். ஹிலரி "முந்நூறு பவுண்டுக்கு ஒரு படிக்கட்டு வாங்கிட்டு வந்திருக்கா" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

முதல் மூன்று வாரம் நல்லபடியாகப் போயிற்று. வங்கி கடனுக்குச் சரி என்றது. லோர்னா அப்பாவின் பணத்தை அட்வான்ஸுக்காக மிஸ் மாசப்பின் கணக்குக்கு மாற்றினாள். அதற்கு முன் கணக்கு எண்ணை நேரில் வந்து சரிபார்க்கச் சொல்லி, மிஸ் மாசப் ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். போனில் பொத்தானை அமுக்குவதற்கு முன் லோர்னா தானும் ஒருமுறை எல்லா எண்ணையும் வாய்விட்டுப் படித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நத்தை வேகத்துக்கு வந்தது.

மிஸ் மாசப் விற்பவருடைய வக்கீலுக்குக் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பிக்கொண்டிருந்தாள். கொதிகலன் எப்போது மாட்டியது? பின் சந்தில் நடந்துபோக உரிமை உண்டா? தோட்டத்தின் இடது பக்க வேலி யாருடையது? விற்பவர் நிரப்பி அனுப்பிய படிவத்தில் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு 'தெரியாது' என்றே இருந்தது.

மறுபக்கம் கீத் ரட்லெட்ஜ் தினமும் அழைத்தார். லோர்னா பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் துடிக்கும். நிறுத்தத்தில் எடுத்துப் பார்த்தால் அவர் பெயர்தான்.

"உங்க வக்கீலம்மா என்ன, மியூசியத்துக்கு வீடு வாங்கறாங்களா? கிரேவ்சன் கோவமா இருக்காரு. இன்னொரு பார்ட்டி கையில பணத்தோட நிக்கறாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள்ள அக்ரிமெண்ட் முடியலேன்னா வீட்டை அவங்களுக்குக் குடுத்துடப் போறாரு."

வீட்டைக் காலி செய்ய இன்னும் பத்தொன்பது நாள். லோர்னா, ஐம்பதை நெருங்கும் வயதில் அக்காவின் வீட்டுச் சாமான் அறையில் படுக்கை போட்டுக்கொள்வதை நினைத்துப் பார்த்தாள். புதன்கிழமை வேலை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் பேக்கரிப் படியேறினாள்.

"ஏன் இப்படி இழுத்தடிக்கிறீங்க? ஒரு வேலி! ஒரு மரவேலிக்காக என் வீட்டைப் பறிகுடுக்கணுமா?"

மிஸ் மாசப் பேனாவை மூடி வைத்தாள். "உக்காருங்க லோர்னா. பதிவேட்டுப்படி அந்த வீடு முப்பத்தெட்டு வருஷமா அவர் பேர்ல இருக்கு. முப்பத்தெட்டு வருஷம் ஒரு தோட்டம் வச்சிருந்தவருக்கு எந்த வேலி தன்னோடதுன்னு தெரியலையாம். கொதிகலன் எந்த வருஷம்னு தெரியலையாம். எனக்கு அது உறுத்துது."

"ஸ்பெயின்ல இருக்காரு, மறந்திருப்பாரு! அவரோட வக்கீல் பாஸ்போர்ட்டைப் பாத்தாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நகலைப் பாத்திருக்காரு. ஆளைப் பாத்தாரான்னு கேட்டிருக்கேன், பதில் வரல. ஒண்ணு செய்யுங்க. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அந்த வேலி யாருதுன்னு சும்மா கேட்டுட்டு வாங்க. அதைக் கேட்டுக்கிட்டு மேல போறேன்."

"எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. நான் உங்க கட்சிக்காரி. நான் சொல்றதை நீங்க செய்யணும்."

மிஸ் மாசப் எதிரில் இருந்த கோப்பை மூடினாள். "செய்யணும், உண்மைதான். நீங்க போட்ட கையெழுத்து என்கிட்ட இருக்கு, நான் மறுபக்கத்து வக்கீலுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னா அக்ரிமெண்ட் உங்களைக் கட்டிப்போட்டுடும். உங்க அட்வான்ஸ் அந்தப் பக்கம் போயிடும். அப்புறம் நீங்க அழுதாலும் திரும்பாது. அதனால எழுத்துல குடுங்க."

லோர்னா அன்று வீட்டுக்குப் போய் ஈமெயில் எழுதினாள். 'எனக்குக் கேள்வி எதுவும் பாக்கி இல்லை. வெள்ளிக்கிழமை அக்ரிமெண்டை முடித்துவிடுங்கள்.' வீடு போய்விடும் என்ற பயம் அதோடு அடங்கும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. பயம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. வீட்டில் உட்கார முடியாமல் பதினொன்றரை மணிக்கு வீட்ஷீஃப் டெரஸுக்கு நடந்தாள். இன்னும் அரை மணி நேரத்தில் தன்னுடையதாகப் போகும் வீட்டை வெளியிலிருந்தாவது பார்த்தால் மனம் நிலைக்கும் என்று ஒரு எண்ணம். காற்று உப்பாக அடித்தது. எதிர்ச் சாரியில் நின்று பார்த்தாள். ஜன்னல் திரை பாதி கழன்று தொங்கியது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண் நாயோடு வெளியே வந்தாள். பெரில் நிக்சன் என்று அப்புறம் தெரிந்தது. அறுபத்தைந்து வயது, கால்மூட்டில் கட்டு.

"ஏம்மா, யாரைத் தேடறே? நகராட்சி ஆபீஸ்லேருந்து வந்திருக்கியா?"

"இல்லீங்க. இந்த வீட்டை வாங்கறேன். இன்னைக்குத்தான் முடியுது."

பெரில் சிரித்தாள். "எந்த வீட்டை? ஆர்தர் வீட்டையா? நல்லா விசாரிச்சியா? தெரு மாறி வந்துட்டே போலிருக்கு."

"ஆர்தர் கிரேவ்சன்தானே? ஸ்பெயின்ல இருக்காரே, அவரு."

பெரில் சிரிப்பதை நிறுத்தினாள். "ஆர்தராவது ஸ்பெயினாவது! அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை படகேறி மேன் தீவுக்குப் போனாரு, போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. அவரு காக்கர்மவுத்ல முதியோர் இல்லத்துல இருக்காரும்மா. பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சு. போன ஞாயித்துக்கிழமைகூடப் போய்ப் பாத்தேன்."

"தரகர் அவரோட போன்ல பேசினாராம். சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாராம்."

"ஆர்தருக்குப் பேச்சே இல்லம்மா," என்றாள் பெரில். "வாய் போயிடுச்சு. ஒரு வார்த்தை வராது."

லோர்னாவின் காதுக்குள் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பெரில் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். ஆர்தரின் மருமகன் போன வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருவனுக்கு வீட்டை வாடகைக்கு விட்டதும், பளபளவென்று ஷூ போட்ட அவன் சொல்லாமல் கொள்ளாமல் போனதும், சாவியைத் திருப்பித் தராததும், ஆர்தரின் பேருக்கு வந்த கடிதங்களையெல்லாம் அவனே பிரித்ததும். லோர்னா பாதிதான் வாங்கிக்கொண்டாள். மணி பதினொன்று நாற்பத்தைந்து.

போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பான பெயரைத் தொட்டாள். மூன்றாவது முறை மிஸ் மாசப்பின் எண் போயிற்று. எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு.

இப்போது பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

லோர்னா ஓடினாள். நாற்பத்தொன்பது வயது, இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு. இறக்கத்தில் கால் பின்னிக்கொண்டது. தொழிற்சாலைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சு உள்ளே போகவில்லை. அப்பா இப்படித்தான் மாடிப்படியில் நிற்பார். அவருடைய அவ்வளவும் ஒரு போன் கம்பி வழியாக எவனுக்கோ போய்க்கொண்டிருக்கிறது, எழுத்தில் கொடுத்ததும் நான்தான். மறுபடி ஓடினாள். மறுபடி போன் செய்தாள். எங்கேஜ்டு.

பேக்கரி வாசலில் வரிசை நின்றது. தள்ளிக்கொண்டு போனாள். "ஏய், வரிசை தெரியலையா?" என்று யாரோ கத்தினார்கள். படிகளைக் கைகளாலும் தொட்டு ஏறினாள். கதவைத் தட்டவில்லை, தோளால் தள்ளினாள்.

மிஸ் மாசப் மேஜையில் ஒரு துண்டை விரித்து முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டெலிபோன் ரிசீவர் எடுக்கப்பட்டு மேஜைமேல் மல்லாந்து கிடந்தது.

"வேண்டாம்," என்றாள் லோர்னா. "வேண்டாம். அவருக்குப் பேச்சே... அவரு ஸ்பெயின்ல..." தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மிஸ் மாசப் எழுந்து வந்து பக்கத்தில் குனிந்தாள். "இன்னும் முடிக்கல. கேக்குதா லோர்னா? முடிக்கல."

"பன்னிரண்டு மணி..."

"பன்னிரண்டுன்னு சொன்னது தரகர். நீங்க எழுதினது வெள்ளிக்கிழமைன்னு. எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இருக்கு. அதான் யாரும் கூப்பிட்டு அவசரப்படுத்தாம போனை எடுத்து வச்சுட்டு, இந்த ஆபீஸ் திறந்த நாளா இல்லாத வழக்கமா உக்காந்து சாப்பிடறேன்."

லோர்னா அழுதாள், மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். பிறகு கேட்டாள். "நான் வராம இருந்திருந்தா?"

மிஸ் மாசப் மிச்ச சாண்ட்விச்சைத் துண்டில் சுற்றி வைத்தாள். "இன்னொரு தடவை உங்களைக் கூப்பிட்டுக் கெஞ்சியிருப்பேன்," என்றாள். "அப்பவும் நீங்க சரின்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன். என் கையில ஆதாரம் எதுவும் இல்ல. உறுத்தலை வச்சுக்கிட்டு உத்தரவை மீற முடியாது."

அந்தப் பதில் லோர்னாவை விட்டுப் போகவே இல்லை. வெகுநாள் வரைக்கும் பஸ் ஓட்டும்போது திடீரென்று நினைவுக்கு வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்த கை வேர்த்துவிடும்.

மிஸ் மாசப் ரிசீவரை எடுத்து மறுபக்கத்து வக்கீலை அழைத்தாள். கேட்டதைச் சொன்னாள். அவர் தன் கட்சிக்காரரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை என்பது அப்போது தெரிந்தது. போலீசுக்குச் சொன்னார்கள். கிரேவ்சன் என்று சொல்லிப் பேசியவனின் ஸ்பெயின் எண் அன்று மாலையே செத்துப்போயிற்று. ஆர்தரின் பேரில் வீட்டை விற்கப் பார்த்த அந்தப் பளபள ஷூக்காரன் கடைசிவரை அகப்படவில்லை. கீத் ரட்லெட்ஜ் ஒரு வாரம் கழித்துப் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்து, "நானும் ஏமாந்தவன்தாம்மா" என்றார். சாவிக்கொத்தை அன்று அவர் குலுக்கவில்லை. லோர்னா கதவைச் சாத்தி வண்டியை எடுத்தாள்.

அப்பாவின் பணம் முழுசாகத் திரும்பி வந்தது. வில்லங்கம் பார்த்ததும் வீட்டைப் பரிசோதித்ததுமான செலவு போனது போனதுதான். நோட்டீஸ் கெடு முடிந்த நாளில் லோர்னா ஹிலரியின் சாமான் அறைக்கே குடிபோனாள். இந்தத் தடவை ஹிலரி கேலி செய்யவில்லை. முதல் நாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த டீம் கம்பெனியைப் பிடின்னு நான்தானே சொன்னேன்டி" என்று சொல்லிவிட்டுப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரில் அவளைக் காக்கர்மவுத்துக்கு அழைத்துப்போனாள். ஆர்தர் கிரேவ்சன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் செத்த பறவை மாதிரி கிடந்தது. பெரில் பக்குவமாக விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருடைய கண்கள் அகன்றன. இடது கையை நீட்டி லோர்னாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். தொண்டைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. வீட்டை எடுத்துக்கொண்டு போக வந்தவள் இவள்தான் என்று அவர் நினைத்துவிட்டார்.

"இல்ல மிஸ்டர் கிரேவ்சன்," என்றாள் லோர்னா. அவருக்கு என்ன பயம் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "வீடு உங்களோடதுதான். யாரும் எடுத்துக்கல. உங்க பேர்லதான் இருக்கு, என் கண்ணால பாத்தேன்."

அதை நாலைந்து முறை சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம்தான் பிடி தளர்ந்தது. யாராவது அந்த வீட்டுப் பதிவேட்டைத் தொட்டால் உடனே தகவல் வரும்படி மிஸ் மாசப் பெரிலின் பேருக்கு ஏற்பாடு செய்து கொடுத்தாள். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

லோர்னா வீடு வாங்க மேலும் எட்டு மாதமாயிற்று. துறைமுகத்துக்குப் பின்னால், செங்குத்தான தெருவில், சமையலறைச் சுவரில் ஈரம் கசியும் வீடு. கடல் தெரியாது. விற்றவள் ஒரு பள்ளி ஆசிரியை. லோர்னா அக்ரிமெண்டுக்கு முன் இரண்டு பக்கத்து வீடுகளையும் தட்டி விசாரித்தாள், எதிர் வீட்டையும் விடவில்லை. கடைசியில் ஆசிரியையே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நான் என்ன திருடியா? தெருவெல்லாம் என்னைப் பத்திக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களாமே."

"கோவிச்சுக்காதீங்க," என்றாள் லோர்னா. "நீங்க நீங்கதானான்னு தெரிஞ்சுக்கணும்." என்ன நடந்தது என்று சொன்னதும் அந்தப் பெண் உள்ளே போய்த் தன் கல்யாணப் புகைப்படம், மின்சார ரசீது, பள்ளி அடையாள அட்டை எல்லாவற்றையும் சமையலறை மேஜையில் பரப்பிவிட்டாள்.

ஆனாலும் அக்ரிமெண்ட் நாளன்று லோர்னா பேக்கரி மாடியில் மிஸ் மாசப்பின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். போனில் அந்த வார்த்தை சொல்லப்படும்போது நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மிஸ் மாசப் ரிசீவரை வைத்துவிட்டு, "முடிஞ்சது" என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"எனக்கு ஏன் இன்னும் பயமாவே இருக்கு?"

"வீடு வாங்கியிருக்கீங்க இல்ல," என்றாள் மிஸ் மாசப். "பயம் இருக்கத்தான் செய்யும். போய் அந்த ஈரச் சுவருக்கு ஆளைப் பாருங்க."